மணிப் பலகையும் இரண்டேகால் மணித்தியாலமும்

முதலில் நடந்தவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

1. ஒரு வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரை மணி. எங்கள் பயிற்சி நிலையத்தில் வீட்டு மின்னிணைப்பு பழகும் தனலெட்சுமியும் ராணியும் வீட்டுக்குப் போவதற்காகக் கண்டி குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் ஹேவாஹெட்ட பஸ் ஏறினார்கள்.

2. தனலெட்சுமியின் பையில் இருந்தவை: இரண்டு உடுப்பு, ஒரு கொப்பி, தங்கச்சிக்கு வாங்கிய பிஸ்கட் பக்கெட், நான் கொடுத்தனுப்பிய மணிப் பலகை.

3. மணிப் பலகை என்பது ஓரடி நீளமான பலகைத் துண்டு. அதில் நான்கு டோர்ச் பெட்டரி, ஒரு புஷ் சுவிட்ச், ஒரு அழைப்புமணி, இவற்றை இணைக்கும் சிவப்பு வயரும் கறுப்பு வயரும் இருக்கும். மழையில் நனையாமலிருக்கப் பொலித்தீனால் சுற்றிக் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டச் சொன்னது நான்.

4. அம்பிட்டிய தாண்டியதும் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். பையைத் திறந்து பார்த்த ஊர்காவற்படைக்காரர் பையை விட்டுவிட்டுப் பின்னால் ஓடினார்.

5. தனலெட்சுமியிடம் தேசிய அடையாள அட்டை இல்லை. விண்ணப்பம் அவள் ஊர்த் தேயிலைத் தோட்ட ஆபீசில் கிடக்கிறது. கையில் இருந்தது தோட்டத் துரையின் கடிதமும் எங்கள் நிலையத்தின் அட்டையும் மட்டும்.

6. அவளை ஜீப்பில் ஏற்றிப் பொலிசுக்குக் கொண்டு போனார்கள். ராணியை விசாரித்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

7. ராணி ஓடி வந்து என்னிடம் சொன்னபோது நேரம் ஒன்றே முக்கால்.

8. நான் பொலிசுக்குள் காலடி வைத்தபோது நேரம் நாலு.

ஏழுக்கும் எட்டுக்கும் இடையில் இரண்டேகால் மணித்தியாலம் இருக்கிறது. நிலையத்திலிருந்து அந்தப் பொலிசுக்கு முச்சக்கர வண்டியில் இருபது நிமிஷம். மிச்சம் எங்கே போனது என்பதைப் புதிதாகச் சேரும் போதனாசிரியர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் இந்தக் குறிப்பு.

பலகை எப்படி வந்தது

எங்கள் பயிற்சி நிலையம் நகரத்தில் ஒரு இரும்புக்கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில் இருக்கிறது. ஒரு பக்கம் தையல், மறுபக்கம் மின்னிணைப்பு. என் வகுப்பில் அந்த வருஷம் பதினான்கு பெண்கள். பெரும்பாலானோர் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். எட்டாம் வகுப்போடு நின்றவர்கள் இருந்தார்கள், ஓ.எல். பரீட்சை எழுதிக் கணக்கில் தவறியவர்கள் இருந்தார்கள். கிழமை நாட்களில் அம்பிட்டியவில் உள்ள விடுதியில் தங்குவார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளி வீட்டுக்குப் போவார்கள்.

தனலெட்சுமி சேர்ந்தபோது அவளுக்குப் பதினெட்டு வயது. முதல் நாள் சுவரில் இருந்த பிளக் பொயின்டுக்குக் கிட்டவும் வரமாட்டேன் என்றாள்.

"கரண்டு இழுத்துக்குமாம் மிஸ். எங்க மாமா சொன்னாரு."

"மாமா வீட்டில கரண்ட் இருக்கோ?"

"இல்ல மிஸ். எங்க லயத்துல யாரு வீட்டுலயும் இல்ல."

"அப்ப மாமாவை எது இழுத்தது?"

வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் அந்தப் பதில் என் தலைக்குள் நின்றுவிட்டது. பதினான்கு பேரில் ஒன்பது பேரின் லயத்து அறைகளில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், மின்சாரம் இல்லை. வீட்டில் பழகிப் பார்க்க வழியில்லாத தொழிலை நான் கற்பித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் பெட்டரியில் ஓடும் பலகையை வடிவமைத்தேன். யாருக்கும் கரண்ட் அடிக்காது, எங்கும் கொண்டு போகலாம், பிழை வைத்துப் பிழை கண்டுபிடிக்கலாம். அந்தப் பலகையைப் பற்றி எனக்குப் பெருமை இருந்தது. நகரத்தில் குண்டு வெடித்து ஒரு வருஷம்கூட ஆகாத காலத்தில், அடையாள அட்டை இல்லாத தமிழ்ப் பெண்களின் பைகளில் பெட்டரியும் வயரும் சுவிட்சும் வைத்து, கறுப்பு டேப் சுற்றி அனுப்புகிறேன் என்று ஒரு நாளாவது நான் யோசிக்கவில்லை. எனக்கு அது மணி. பார்க்கிறவர்களுக்கு அது என்ன என்பது என் பட்டியலில் இருக்கவில்லை.

தனலெட்சுமியின் அப்பா பெரியசாமி, மகளைச் சேர்க்க வந்த அன்றே ஒரு நிபந்தனை போட்டார்.

"ஒரு வருசம்தான் மிஸ். அதுக்குள்ள கையில தொழில் வரலேன்னா தோட்டத்துல பேரு பதிஞ்சிருவேன். வீட்டுல இன்னும் ரெண்டு பொம்பளப் புள்ளைக இருக்கு."

பெயர் பதிவது என்றால் மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்குப் போய்க் கொழுந்துக் கூடை எடுப்பது. ஒருமுறை எடுத்த கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்த பெண்ணை நான் இதுவரை பார்க்கவில்லை.

அந்த வெள்ளிக்கு அடுத்த செவ்வாய் செய்முறைப் பரீட்சை. தேறினால் நகரத்தில் ஒரு மின்விசிறி திருத்தும் கடையில் அவளுக்கு இடம் சொல்லி வைத்திருந்தேன். பழகிப் பார்க்கவே பலகையைக் கொண்டு போனாள்.

ஒன்றே முக்காலிலிருந்து நாலு வரை

ராணி படியேறி வந்தபோது செருப்பு ஒன்றுதான் காலில் இருந்தது.

"மிஸ், தனத்த ஜீப்புல ஏத்திட்டாங்க. பலகைய ரோட்டுல வச்சு எல்லாத்தயும் தூரமா போகச் சொன்னாங்க. ஆமிக்காரரு வந்து வயர வெட்டினாரு. அவ மிஸ் பேரச் சொல்லிச் சொல்லி அழுதா."

"என்ர பேரையோ?"

"ஆமா மிஸ். 'எங்க மிஸ்ஸு குடுத்தது, அவங்ககிட்ட கேளுங்க'ன்னா."

என் பெயர் பொலிசில் இருக்கிறது. என் அடையாள அட்டையில் பிறந்த இடம் சாவகச்சேரி. தொழில் என்ற இடத்தில் தொழில்நுட்பவியலாளர். எட்டு மாதத்துக்கு முன் நான் தங்கியிருந்த போர்டிங் சுற்றிவளைக்கப்பட்டபோது, அந்த இரண்டு வரிகளுக்காகப் பதினொரு மணித்தியாலம் ஒரு பெஞ்சில் இருந்திருக்கிறேன். அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவரைக் கூப்பிட்டுப் போனார்கள். எல்லோரும் திரும்பி வரவில்லை. அதன் பிறகு பூட்ஸ் சத்தம் கேட்டால் அட்டை பையில் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன்.

நான் ராணியை ஒரு கதிரையில் இருத்தித் தண்ணீர் கொடுத்தேன். பிறகு ஒரு தாளை எடுத்து எழுதினேன். போனால் நடக்கக்கூடியவை, போகாவிட்டால் நடக்கக்கூடியவை. முதல் பட்டியல் ஒன்பது வரி வந்தது. இரண்டாவதில் ஒரு வரிதான் எழுத முடிந்தது: "தனம் தனியாக இருப்பாள்."

ஒன்பது பெரிது, ஒன்று சிறிது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன் போலிருக்கிறது.

அடுத்து ஆவணங்களை எடுத்தேன். வரவு இடாப்பு, பாடத்திட்டம், பரீட்சைக் கடிதம், நிலையத்தின் பதிவுப் பத்திரம். ஒவ்வொன்றுக்கும் பிரதி எடுக்கக் கீழே போனேன். வரிசையாக அடுக்கி இலக்கம் போட்டேன். இலக்கம் பிழைத்தது என்று திரும்பவும் போட்டேன். நிலையத்தின் பொறுப்பாளர் கொழும்பில் இருந்தார். போன் எடுத்தேன், கிடைக்கவில்லை. கிடைக்காதது நிம்மதியாகக்கூட இருந்தது. கிடைக்கும்வரை காத்திருக்கலாம் அல்லவா?

மூன்று மணிக்கு நான் செய்த காரியம் இது: அலுமாரியில் இருந்த மற்றப் பலகைகளை வெளியே எடுத்து ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினேன். மணிகள் ஒரு பெட்டியில். பெட்டரிகள் ஒரு பெட்டியில். சுவிட்சுகள் வேறு. யாராவது தேடி வந்தால் சேர்ந்திருக்கக் கூடாது என்று. ராணி சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழாவது பலகையில் இருந்தபோது தையல் போதனாசிரியை ரஸீனா டீச்சர் தேநீர்க் கோப்பையோடு உள்ளே வந்தார். ராணியின் முகத்தைப் பார்த்தார். என் மேசையைப் பார்த்தார்.

"என்ன இது, கடை மூடுறீங்களா?"

நான் விஷயத்தைச் சொன்னேன்.

"எத்தன மணிக்குத் தெரியும்?"

"ரெண்டு மணி போல."

"ஒன்னே முக்கால்" என்றாள் ராணி.

ரஸீனா டீச்சர் கோப்பையை வைத்துவிட்டு ஸ்குரூடிரைவரை என் கையிலிருந்து வாங்கினார்.

"புள்ள அங்க தனியா ஈக்குது. நீங்க இங்க மணி கழட்டிட்டு ஈக்கிறீங்க. எழும்புங்க."

"டீச்சர், என்ர அடையாள அட்டையைப் பார்த்தா அவளுக்கு இன்னும் கரைச்சல் வரும்."

"நீங்க போகாட்டி வராதா? உங்கட பேர அவ சொல்லிட்டா. நீங்க போகல்லன்டா அவ பொய் சொன்ன மாதிரி. அத யோசிச்சீங்களா?"

யோசிக்கவில்லை. ஒன்பது வரிகளில் அது இல்லை.

மேசை மேல் பலகை

பொலிஸ் வாசலில் ஒருவரைத்தான் உள்ளே விடுவோம் என்றார்கள். நன்றாகச் சிங்களம் பேசும் ரஸீனா டீச்சர் வெளியே மரத்தடியில் நின்றுவிட்டார். நான் ஆவணக் கோப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். என் சிங்களம் கடைக்கும் பஸ்ஸுக்கும் போதும். பயம் வந்தால் அதுதான் முதலில் என்னை விட்டுப் போகும்.

தனலெட்சுமி நடைபாதைப் பெஞ்சில் இருந்தாள். தலைமயிர் அவிழ்ந்திருந்தது. இடது கன்னம் சிவந்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து நின்று, வகுப்பில் சொல்வதுபோலவே, "குட் ஆப்டர்நூன் மிஸ்" என்றாள்.

பொறுப்பதிகாரி ஐம்பது வயதுக்காரர், கண்ணாடி போட்டவர். அவருடைய மேசையில் பலகை இருந்தது. டேப்பைக் கிழித்திருந்தார்கள். சிவப்பு வயர் நடுவில் வெட்டப்பட்டுத் தொங்கியது. நான் ஆங்கிலத்தில் தொடங்கினேன். அவர் கையைத் தூக்கினார்.

"சிங்களத்தில் சொல்லுங்கள்" என்றார் சிங்களத்தில்.

ஆவணக் கோப்பை நீட்டினேன். அவர் திறக்கவில்லை. பலகையைச் சுட்டிக்காட்டி ஏதோ நீளமாகச் சொன்னார். தனலெட்சுமி எனக்குப் பக்கத்தில் வந்து நின்று மெல்லிய குரலில் தமிழில் சொன்னாள்.

"இது குண்டு இல்லேன்னு அவருக்குத் தெரியுமாம் மிஸ். குண்டு செய்யப் பழகுற பலகையான்னு கேக்குறாரு."

ஹேவாஹெட்டவில் சந்தையும் சங்கக்கடையும் ஆஸ்பத்திரியும் சிங்களத்தில்தான் நடக்கும். அவள் சின்ன வயதிலிருந்தே பேசுகிறவள். பத்து மாதம் நான் அவளுக்குக் கற்பித்திருக்கிறேன். அவளுக்கு இது தெரியும் என்று அன்றுதான் கவனித்தேன்.

"வீட்டு வாசல் மணி எண்டு சொல்லு பிள்ளை. பரீட்சைக்கு எண்டு சொல்லு."

சொன்னாள். அதிகாரி பின்னால் சாய்ந்தார்.

"அப்படியென்றால் அடித்துக் காட்டு."

வயரை வெட்டியது அவர்களுடைய ஆள்தான். நான் பலகையை நோக்கிக் கையை நீட்டினேன். வெட்டுமுனையைப் பிடிக்க இரண்டு தரம் தவறினேன். ஒரு கான்ஸ்டபிள் அதைப் பார்த்துவிட்டு அதிகாரியைப் பார்த்தார்.

"மிஸ், நான் செய்றேன்" என்றாள் தனலெட்சுமி. பிறகு அதிகாரியிடம் சிங்களத்தில், "சேர், நான்தான் பரீட்சை எழுதப்போறவ" என்றாள்.

பிளையர் கேட்டாள். பலகை சான்றுப் பொருளாம், கருவி தரமுடியாது என்றார்கள். உடனே வயரின் வெட்டுமுனையைப் பல்லில் வைத்து இன்சுலேஷனை உரித்தாள். பல்லால் உரித்தால் வகுப்பை விட்டு வெளியே அனுப்புவேன் என்று நான் மாதக்கணக்காகச் சொன்ன காரியம். இரண்டாவது முனையை உரிக்கும்போது ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள். முறுக்கிச் சேர்த்தாள். சுவிட்சை அழுத்தினாள்.

மணி அடிக்கவில்லை.

அதிகாரி பேனையை எடுத்தார். மணி அடிக்காத மணிப் பலகையைப் பற்றி அவர் என்ன எழுதுவார் என்று நினைத்தேன். அவளை எங்கே அனுப்புவார்கள் என்றும் நினைத்தேன்.

தனலெட்சுமி விரலை மடித்து எண்ணத் தொடங்கினாள், வகுப்பில் நான் கற்பித்த வரிசை, சத்தமாக, தமிழில்.

"ஒன்னு, பாக்கணும். பாத்தாச்சு. ரெண்டு, சப்ளை வருதா?"

ஒரு பெட்டரியை உருவி நாக்கு நுனிக்குக் கிட்ட கொண்டு போய், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். பெட்டரியின் அடியைத் தடவினாள். பிசுபிசுத்தது.

"பெட்டரி செத்திருச்சு மிஸ். இந்தக் கெழம பூரா நான் விடுதில அடிச்சு அடிச்சுப் பாத்தேன்."

பிறகு அவள் செய்ததை நான் செய்திருக்க மாட்டேன். கான்ஸ்டபிளின் இடுப்பில் தொங்கிய டோர்ச்சைக் காட்டி, "அண்ணே, அத ஒருக்கா தர்றீங்களா?" என்று சிங்களத்தில் கேட்டாள். கான்ஸ்டபிள் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி தலையசைத்தார். டோர்ச்சில் மூன்று பெட்டரி. பலகைக்கு நான்கு வேண்டும். பழையவற்றை எடுத்துவிட்டு மூன்றையும் போட்டபின் நான்காவது இடம் வெறுமையாக இருந்தது. அவள் மேசையைச் சுற்றிப் பார்த்தாள். அதிகாரியின் சிகரெட் பெட்டியிலிருந்து வெள்ளித் தாள் எட்டிப் பார்த்தது. அதைக் கேட்டாள். அவரே உருவிக் கொடுத்தார். கசக்கி உருட்டி நான்காவது இடத்தில் அழுத்தினாள்.

"மெதுவாத்தான் அடிக்கும் சேர்" என்று சொல்லிவிட்டு அழுத்தினாள்.

மெதுவாக அடிக்கவில்லை. அந்த அமைதியில் மணி வெடித்ததுபோலக் கேட்டது. வெளியே காவலுக்கு நின்றவர் துவக்கை நீட்டிக்கொண்டு கதவுக்குள் பாய்ந்தார். தனலெட்சுமி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாள். நானும் தூக்கினேன். கோப்பு கீழே விழுந்து, நான் இரண்டு முறை இலக்கம் போட்ட தாள்கள் எல்லாம் தரையில் பரவின.

அதிகாரி காவலரை வெளியே போகச் சொன்னார்.

"இன்னொரு தடவை."

அவள் ஒரு கையை மட்டும் இறக்கி அழுத்தினாள்.

"உன் வீட்டில் இதை எங்கே மாட்டுவாய்?"

"எங்க லயத்துல கதவே ஒழுங்கா சாத்தாது சேர். மணி எதுக்கு? இது மத்தவங்க வீட்டுக்கு."

கான்ஸ்டபிள் வாயைப் பொத்திக்கொண்டார். அதிகாரி சிரிக்கவில்லை. என் அடையாள அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். பிறந்த இடத்தில் அவருடைய விரல் நின்றது. எங்கே படித்தேன், எப்போது கண்டிக்கு வந்தேன், ஊரில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். தனலெட்சுமி ஒவ்வொன்றையும் தமிழில் சொல்ல, நான் பதில் சொன்னேன்.

"உங்களுக்கு இது எத்தனை மணிக்குத் தெரியவந்தது?"

"நாலு மணிக்குக் கொஞ்சம் முதல்" என்றேன்.

அவர் எழுதவில்லை. சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு மெதுவாகப் பேசினார். கேட்கக் கேட்கத் தனலெட்சுமியின் முகம் மாறியது.

"ராணிய ஒன்னேகாலுக்கே விட்டுட்டாங்களாம் மிஸ். அவ ஒங்ககிட்ட நாலு மணிக்குத்தான் வந்தான்னா, நடுவுல எங்க போனா, யாரப் பாத்தான்னு கேக்குறாரு. அவளயும் கூட்டிட்டு வரணுமாம்."

என் வெட்கத்தை மறைக்க நான் சொன்ன ஒரு வசனம், விசாரித்துப் போகவிட்ட பெண்ணை இந்தப் பெஞ்சுக்கு இழுத்துக்கொண்டிருந்தது.

"இல்லை எண்டு சொல்லு. ராணி நேரே என்னட்டத்தான் வந்தவள். ஒன்றே முக்காலுக்கு. எனக்கு அப்பவே தெரியும். நான்தான் வரேல்லை."

தனலெட்சுமி உடனே மொழிபெயர்க்கவில்லை. என்னையே பார்த்தாள்.

"ஏன்னு கேப்பாரு மிஸ்."

"பயத்தில எண்டு சொல்லு."

அவள் திரும்பி அதிகாரியிடம் சொன்னாள். நீளமாக ஒன்றும் இல்லை. "மிஸ் பய உணா." மிஸ் பயந்துவிட்டார். அவ்வளவுதான். அன்று நான் சொன்னவற்றில் அவர் கேள்வி கேட்காமல் எழுதியது அந்த ஒன்றைத்தான்.

ஆறு மணிக்கு முன் எங்களை விட்டார்கள். நிபந்தனை மூன்று. பலகை அங்கேயே இருக்கும். ஒரு மாதம் ஞாயிறுதோறும் நான் வந்து கையெழுத்துப் போட வேண்டும். தனலெட்சுமிக்காக நான் பொறுப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்றுக்கும் சம்மதித்தேன். வெளியே ரஸீனா டீச்சர் அவளைக் கட்டிப்பிடித்துச் சால்வையால் தலையை மூடினார். விடுதிக்குத் திரும்பிய பஸ்ஸில் தனலெட்சுமி எனக்குப் பக்கத்தில் இருக்கவில்லை.

லயத்து அறையில்

மறுநாள் காலை செய்தி கேட்டுப் பெரியசாமி விடுதிக்கு வந்து மகளைக் கூட்டிப் போய்விட்டார். செவ்வாய்க்கிழமைப் பரீட்சைக்கு அவள் வரவில்லை. பதின்மூன்று மேசையில் பதின்மூன்று பேர் வயர் இழுத்தார்கள். ஒரு மேசையில் கருவிகள் வைத்தபடியே இருந்தன.

அடுத்த ஞாயிறு பொலிசில் கையெழுத்துப் போட்டுவிட்டு அங்கிருந்தே ஹேவாஹெட்ட பஸ் ஏறினேன். மூன்று இடத்தில் இறக்கினார்கள். மூன்று இடத்திலும் என் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, அந்தக் குளிரிலும்.

பெரியசாமி எனக்கு ஸ்டூல் போட்டார். தேநீர் தரச் சொன்னார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

"வேணாம் மிஸ். நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க. கலவரத்தப்ப நாங்க தேயிலைக்குள்ள மூணு நாளு ஒளிஞ்சு கெடந்தோம். அந்தப் பயம் எனக்குப் போதும். புதன்கெழம பேரு பதியப் போறேன்."

"இன்னொரு பரீட்சை மூன்று மாதத்தில வருது. அதுக்கு மட்டும் விடுங்கோ."

"விட்டா, திரும்பப் புடிச்சா? யாரு மிஸ் போவா? எனக்கு அங்க போயி பேசத் தெரியாது. பொலிசுன்னா எனக்கும் பயந்தான்."

தனலெட்சுமி அடுப்படியிலிருந்து வந்து கதவோரம் நின்றாள். அன்று பஸ் ஏறியதிலிருந்து என்னோடு பேசாதவள் இப்போது பேசினாள்.

"மிஸ், ஒரு மணிக்குப் புடிச்சாங்கன்னா ரெண்டு மணிக்கு வந்துருவீங்களா?"

அப்பா அதட்டினார். "என்னடி பேச்சு அது, வீட்டுக்கு வந்தவங்ககிட்ட?"

"நீங்க சும்மா இருங்கப்பா. நான் மிஸ்ஸத்தான் கேக்குறேன். பயப்படாதீங்கன்னு சொல்லல. நானும்தான் பயந்தேன். வருவீங்களான்னு கேக்குறேன்."

வருவேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு எனக்கே என் மேல் நம்பிக்கை இல்லை என்று தோன்றியது. அன்று ஒன்றே முக்காலுக்கும் போவேன் என்று நினைத்துக்கொண்டுதான் தாளை எடுத்தேன்.

"சொன்னாக் காணாது. எழுதி ஒட்டுவம்" என்றேன். "ஆர் போறது, ஆருக்குச் சொல்லுறது, எத்தனை நிமிஷத்தில. கதவில ஒட்டுவம். நான் யோசிக்க இடம் இருக்கக் கூடாது."

அவள் உள்ளே போய்க் கொப்பியையும் பேனையையும் கொண்டு வந்து என் மடியில் வைத்தாள்.

"இங்கயே எழுதுங்க மிஸ். அப்பாவும் பாக்கட்டும்."

பெரியசாமிக்கு வாசிக்கத் தெரியாது. அவள் ஒவ்வொரு வரியையும் அவருக்கு வாசித்துக் காட்டினாள். கடைசி வரியை அவர் இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார்.

"மூணு மாசம்" என்றார்.

இப்போதைய நிலை

வகுப்பறைக் கதவில் அந்தத் தாள் ஒட்டியிருக்கிறது. மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறோம். புதிதாகச் சேர்கிறவர்கள் முதல் நாளே அதைப் படித்துக் கையெழுத்திட வேண்டும். அதில் உள்ளவை:

ஒரு மாணவி பிடிக்கப்பட்ட செய்தி வந்தால் பத்து நிமிஷத்துக்குள் இருவர் புறப்பட வேண்டும். ஆவணங்கள் எப்போதும் கதவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும் பையில் இருக்கும். பிரதி எடுக்கப் போகக் கூடாது. யாருக்கும் போன் எடுத்துக் காத்திருக்கக் கூடாது, போன் எடுப்பது நிலையத்தில் நிற்பவரின் வேலை. பொலிசில் நேரத்தைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது. பெட்டரி, வயர், சுவிட்ச் எதுவும் மாணவியின் பையில் வெளியே போகக் கூடாது. வீட்டில் பழகுவதற்கு இப்போது தாளில் வரைபடம் மட்டும் கொடுக்கிறோம். அது போதாது என்று எனக்குத் தெரியும். வேறு வழி இன்னும் கிடைக்கவில்லை.

பட்டியல் ஒட்டிய பிறகு இரண்டு தடவை பொலிசுக்குப் போக வேண்டி வந்தது. முதல் தடவை முப்பத்தைந்து நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தேன். இரண்டாவது தடவை ஐம்பது. பாதை மறித்திருந்தார்கள். இரண்டு தடவையும் பயந்துகொண்டேதான் போனேன். இரண்டு பெண்களும் அன்றே வீட்டுக்குப் போனார்கள்.

தனலெட்சுமி அடுத்த பரீட்சையில் தேறினாள். பரீட்சகர் பார்க்காத நேரம் பல்லால் வயர் உரித்தாளா என்று நான் கேட்கவில்லை. மின்விசிறிக் கடையில் வேலை செய்கிறாள். கடை எங்களிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. யுத்தம் முடியவில்லை. சோதனைச் சாவடிகள் அதே இடத்தில் இருக்கின்றன. மணிப் பலகை அந்தப் பொலிசில்தான் இருக்கிறது, டோர்ச் பெட்டரிகளைக் கான்ஸ்டபிள் திரும்ப எடுத்திருப்பார்.

பட்டியலின் அடியில், புறப்பட வேண்டிய இருவரின் பெயர்கள் உள்ளன. முதல் பெயர் என்னுடையது. இரண்டாவது தனலெட்சுமியுடையது, சிங்களம் பேசுவதற்காக. அதை அவளே எழுதினாள். அவளுடைய அடையாள அட்டை இன்னும் வரவில்லை.